வீகன் தௌ சார் பியா: பன்றிக்கொழுப்பு எங்கெல்லாம் இருக்கும், அதற்குப் பதிலாக எதைச் சேர்க்கிறார்கள்?

கேள்வி
எழுதியவர்: அங் மோ கியோ வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஈரச்சந்தையின் பின்வரிசையில், ஒரு பழைய சீன அடுமனை இருக்கிறது. நான் இந்த வட்டாரத்துக்குக் குடிவந்த நாள் முதல், காலையில் அங்கே தௌ சார் பியா என்னும், பருப்புப் பூரணம் வைத்த சீனப் பணியாரம் வேகும் மணத்தைக் கடந்துதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறேன். பாசிப்பருப்பும் வதங்கிய சின்ன வெங்காயமும் வெள்ளை மிளகும் சேர்ந்த அந்த மணம் நம் வீட்டு அடுப்படி மணத்துக்கு மிக நெருக்கமானது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் ஒன்றைக்கூட நான் வாங்கியதில்லை. மேல்மாவு பன்றிக்கொழுப்பில் பிசைந்தது என்று கடைக்கார ஆண்ட்டி முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் ஆண்ட்டியின் மகள் கடைப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். இப்போது கண்ணாடிப் பேழையின் மேல்தட்டில், பச்சை இலை வரைந்த சீட்டுடன், வீகன் என்று எழுதி மூன்று வகைகள் வைத்திருக்கிறார்கள்: உப்புச் சுவையுள்ள தௌ சார் பியா, நீர்ப்பூசணிப் பூரணம் வைத்த லோ போ பெங் என்னும் மனைவி கேக், சேப்பங்கிழங்குப் பூரணம் வைத்த, தியோச்சியூ என்னும் சீனப் பிரிவினரின் சுருள் பணியாரம்.

எங்கள் வீட்டில் இரண்டு விதமான கட்டுப்பாடுகள் உண்டு. அம்மா சைவம், பாலும் நெய்யும் சேர்ப்பார், முட்டை சேர்க்கமாட்டார், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வெங்காயமும் பூண்டும் தொடமாட்டார். என் மகள் இரண்டு ஆண்டுகளாக நனிசைவம், அதாவது வீகன். பால், நெய், தேன் எதுவும் கூடாது, ஆனால் வெங்காயத்தில் அவளுக்குத் தடையில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கடையில் "இது சைவம்தான்" என்று சொன்னதை நம்பி அம்மாவுக்கு ஒரு பணியாரம் வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இறைச்சி இல்லை என்பதையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதும், மாவில் கொழுப்பு இருந்தது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தமாக இருக்கிறது.

ஆகவே தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். பன்றிக்கொழுப்பு இல்லாமல் அந்த இதழ் இதழான மேல்தோல் உண்மையிலேயே வருமா? எதை வைத்து அதை வரவழைக்கிறார்கள்? கடையில் நான் எதை எதைக் கேட்டுத் தெளிந்தால், ஒரே தட்டை அம்மாவுக்கும் மகளுக்கும் நிம்மதியாக வைக்க முடியும்?


மறுமொழி 1
எழுதியவர்: ஈப்போ அடுப்படி

வணக்கம் அக்கா. ஈப்போவில் சீன பிஸ்கட் அடுமனை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம். நீங்கள் மேல்மாவை மட்டும் சந்தேகப்படுகிறீர்கள். பழைய முறையில் கொழுப்பு பூரணத்திலும் உண்டு. பருப்பை வேகவைத்து மசித்த பிறகு, சின்ன வெங்காயம் பொரித்த பன்றிக்கொழுப்பை ஊற்றித்தான் வாணலியில் கிளறுவார்கள். நீங்கள் சொல்லும் அந்த மணத்தில் பாதி அதிலிருந்து வருவது. சேப்பங்கிழங்குப் பூரணமும் அப்படித்தான். மனைவி கேக்கில் நீர்ப்பூசணிப் பாகு, எள், வறுத்த பசையரிசி மாவு ஆகியவற்றைப் பிணைக்கவும் கொழுப்பு சேர்ப்பதுண்டு. எனவே மேல்மாவை மட்டும் மாற்றிவிட்டு வீகன் என்று எழுத முடியாது.

இனி இதழ் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். இதற்கு இரண்டு மாவுகள் வேண்டும். ஒன்று நீர்மாவு: மைதாவில் தண்ணீரும் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்து, இழுத்தால் அறுந்துபோகாத அளவுக்குப் பிசைவது. மற்றொன்று எண்ணெய்மாவு: தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல், மைதாவை வெறும் கொழுப்பில் பிசிறிச் சேர்ப்பது. மைதா இரண்டு பங்கு என்றால் கொழுப்பு ஒரு பங்கு. தண்ணீர் படாததால் இந்த மாவில் இழுவை உண்டாகாது, மணல்போல உதிரும். எண்ணெய்மாவு உருண்டையை நீர்மாவுக்குள் வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, திருப்பி வைத்து மீண்டும் ஒருமுறை தேய்த்துச் சுருட்டினால், இரண்டு மாவும் மாறி மாறி அடுக்காக அமையும். அடுப்பில் நீர்மாவிலுள்ள ஈரம் ஆவியாகி மேலெழும்பும்போது, இடையிலுள்ள கொழுப்பு அடுக்கு அவற்றை ஒட்டவிடாமல் பிரித்துவைக்கிறது. நம் கல்யாணப் பதிர்பேணியில் அரிசிமாவையும் நெய்யையும் குழைத்து அடுக்குகளுக்கிடையே தடவுவதும், இங்கே எல்லாரும் வாங்கித் தின்னும், கறி அடைத்துப் பொரித்த சுருள் கறிபாப்பின் வரிகளும் இதே வேலைதான்.

இதில் பன்றிக்கொழுப்பின் சிறப்பு அதன் சுவை மட்டுமன்று. நம் நாட்டு வெயிலிலும் அது ஓடாமல், கெட்டிப்படாமல், களிம்புபோல நிற்கும். வாயில் போட்டதும் கரையும். கடலை எண்ணெய் முழுக்கத் திரவம் என்பதால் எண்ணெய்மாவிலிருந்து கசிந்து நீர்மாவில் ஊறிவிடும். இரண்டும் கலந்து பொலபொலவென்று உதிருமே தவிர இதழ் பிரியாது. தேங்காய் எண்ணெய் 24 அல்லது 25 செல்சியஸ் பாகையிலேயே உருகிவிடும் என்பதால் குளிரூட்டி இல்லாத சமையலறையில் அதை வைத்துத் தேய்க்க முடியாது. ஆகவே நனிசைவம் செய்யும் கடைகள் பெரும்பாலும் நாடுவது செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் கெட்டியான தாவரக் கொழுப்பை. நாங்கள் ஷார்ட்டனிங் என்போம். அதில் இதழ் நன்றாகவே வரும், சில சமயம் பன்றிக்கொழுப்பைவிட ஒழுங்காகக்கூட வரும். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது உருகும் வெப்பநிலை நம் உடல் வெப்பத்தைவிட அதிகமாக இருந்தால், தின்று முடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் நிற்கும். வாங்கிய பணியாரத்தைத் தின்றுவிட்டு வெந்நீர் குடித்துப் பாருங்கள். படலம் நீங்கச் சிரமப்பட்டால் கடைக்காரர் கடினமான ரகத்தைச் சேர்த்திருக்கிறார் என்று பொருள். பழைய டால்டாவிலிருந்த டிரான்ஸ் கொழுப்பைப் பற்றிய அச்சம் யாருக்காவது இருந்தால், அதற்குக் காரணமான பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களைச் சிங்கப்பூர் 2021 ஜூன் மாதம் முதல் உணவில் தடைசெய்துவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மேல்பூச்சையும் மறக்காமல் கேளுங்கள். பளபளப்புக்காக முட்டை மஞ்சள் கருவையும், மனைவி கேக்கில் சில இடங்களில் தேனையும் பூசுவார்கள். சோயாப் பாலில் சிறிது சர்க்கரைப் பாகு கலந்து பூசினால் நிறம் வரும். முட்டையின் கண்ணாடி மினுமினுப்பு வராது. நனிசைவம் என்று சொல்லும் பணியாரம் கண்ணாடிபோல மின்னினால் நான் ஒருமுறை கூடுதலாகக் கேட்பேன்.


மறுமொழி 2
எழுதியவர்: ஜார்ஜ் டவுன் தமிழன்

முந்தைய நண்பர் கொழுப்பைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் பெயர்ச்சீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் சனிக்கிழமைக்கு உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இறைச்சி நீக்கிய பணியாரம் சீனர்களுக்குப் புதிதன்று. மகாயான பௌத்தத்தைப் பின்பற்றும் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பார்கள். ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள் ஒன்பது பேரரசர் திருவிழா என்னும் தாவோயிச விரத விழா நடக்கும்போது, பினாங்கில் தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைக்கும். 2024இல் அந்த ஒன்பது நாள்களும் நம் புரட்டாசிக்குள்ளேயே வந்தன. அந்தக் கடைகளில் பன்றிக்கொழுப்பு இல்லாத தௌ சார் பியாவை நான் சிறுவயதிலிருந்தே தின்றிருக்கிறேன். எனவே உங்கள் கடைக்காரரின் மகள் மரபை உடைக்கிறார் என்று யாராவது சொன்னால், அதை நான் ஏற்கமாட்டேன். மரபின் மற்றொரு கிளையை அவர் பேழையின் மேல்தட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

ஆனால் அந்தச் சைவமும் வீகனும் ஒன்றல்ல. பௌத்தச் சைவத்தில் ஐந்து காரப் பொருள்கள் விலக்கு: வெங்காயம், பூண்டு இவற்றுடன் அவற்றின் இனத்தைச் சேர்ந்த கீரைத் தாள்கள், ஐந்தாவதாகப் பெருங்காயம். ஆம், வெங்காயத்துக்குப் பதிலாக நாம் விரத நாளில் தாராளமாகச் சேர்க்கும் அதே பெருங்காயம் அவர்கள் பட்டியலில் விலக்கு. பாலை மட்டும் அவர்களில் பலர் ஏற்றுக்கொள்வார்கள், சிலர் முட்டையையும் ஏற்றுக்கொள்வார்கள். வீகன் சீட்டு இதற்கு நேர்மாறு: பாலும் முட்டையும் தேனும் கூடாது, வெங்காயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே பௌத்தச் சைவப் பணியாரம் உங்கள் அம்மாவின் சனிக்கிழமைக்கு ஏற்றதாகவும் மகளுக்கு ஆகாததாகவும் இருக்கக்கூடும். வீகன் தௌ சார் பியா மகளுக்கு ஏற்றதாகவும் அம்மாவுக்கு அந்த ஒரு நாள் ஆகாததாகவும் இருக்கும். தைவானில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, பொட்டலமிட்ட சைவ உணவின் உறையில் முழுச்சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், பாலும் முட்டையும் சேர்ந்த சைவம், ஐந்து காரப் பொருள் சேர்ந்த சைவம் என்று ஐந்து வகையாகப் பிரித்து எழுதவேண்டும் என்ற விதியே இருக்கிறது. நம் பக்கத்துக் கடைகளில் அது இல்லாததால் நாமே வாய்விட்டுக் கேட்கவேண்டியிருக்கிறது.

கேட்கும் முறையிலும் ஒரு எச்சரிக்கை. மாண்டரினில் சைவத்தைக் குறிக்கும் சொல் "ஸூ". பன்றியைக் குறிக்கும் சொல் "ஜூ". தமிழ்க் காதுக்கும் தமிழ் நாக்குக்கும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே படும். பன்றிக்கொழுப்பு "ஜூ யோ". இரைச்சல் மிகுந்த கடையில் வாயால் கேட்டு, தலையசைப்பைப் பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கைப்பேசியில் சீன எழுத்தைக் காட்டிக் கேளுங்கள்.

"பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை" என்ற பலகையும், ஹலால் முத்திரையும் உங்கள் கேள்வியில் ஒரு பகுதிக்குத்தான் விடை சொல்லும். அங்கே வெண்ணெயும் முட்டையும் இருக்கலாம். கொழுப்புக்குப் பதில் மார்ஜரின் சேர்த்திருந்தால் அதிலும் பால்பொருள் கலந்திருக்கலாம்.


அங் மோ கியோ வாசகியின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்த பிறகு, நேற்று மாலை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். ஆண்ட்டியின் மகள் என்னை உள்ளே அழைத்து, ஷார்ட்டனிங் பெட்டியின் உறையையே காட்டினார். செம்பனை எண்ணெய் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பூரணத்தைக் கடலை எண்ணெயில் சின்ன வெங்காயம் பொரித்துக் கிளறுகிறார்கள். மேல்பூச்சு சோயாப் பால். மனைவி கேக்கில் தேன் இல்லை. நீர்ப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்த துண்டுகளை அவர் காட்டியபோது, இலங்கைத் தோழி ஒருத்தி கேக்குக்காக வாங்கிவைக்கும் பூசணித் தோசியே நினைவுக்கு வந்தது.

ஆனால் இரண்டு செய்திகளை அவராகவே சொன்னார். பழைய வகைகளும் புதிய வகைகளும் ஒரே அடுப்பில்தான் வேகின்றன. காலையில் முதல் ஈடாக நனிசைவத் தட்டுகளை, தனித் தாள் விரித்து, வேகவைத்து எடுத்துவிடுகிறார்கள். உருட்டுக்கட்டையும் மேசையும் தனி. இது போதுமா என்று என் மகளைக் கேட்டேன், போதும் என்றாள். அம்மாவைக் கேட்டபோது, "கழுவிய பாத்திரமா, கழுவாத பாத்திரமா, அதைச் சொல்" என்றார். தாள் விரிக்கிறார்கள் என்றதும் ஒப்புக்கொண்டார்.

மீதமிருப்பது வெங்காயம். சனிக்கிழமைக்காக வெங்காயமில்லாத பூரணம் செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, இருபதுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டால் செய்து தருவதாகவும், ஆனால் வெங்காயம் இல்லாவிட்டால் சுவை தட்டையாகிவிடும் என்று தயங்குவதாகவும் சொன்னார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


மறுமொழி 3
எழுதியவர்: ஜூரோங் மேற்குச் சமையல்

நான் வீட்டிலேயே பலமுறை செய்திருக்கிறேன், சகோதரி. முதல் முறை தேங்காய் எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இறுக்கிச் செய்தேன். அது களிம்பாக நிற்காமல் சில்லுச் சில்லாக உடைந்து நீர்மாவைக் கிழித்துவிட்டது. சூரியகாந்தி எண்ணெயில் செய்தது நண்பர் மேலே சொன்னதுபோல நானகத்தாய் மாதிரி உதிர்ந்தது. சுவை நன்று, இதழ் இல்லை. இப்போது நான் பின்பற்றும் அளவு இதுதான். நீர்மாவுக்கு மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 20 கிராம், ஷார்ட்டனிங் 65 கிராம், தண்ணீர் ஏறத்தாழ 90 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெய்மாவுக்கு மைதா 150 கிராம், கொழுப்பு 75 கிராம். அந்தக் கொழுப்பில் முக்கால் பங்கு ஷார்ட்டனிங், கால் பங்கு கடலை எண்ணெய். இப்படிக் கலந்தால் மேலண்ணத்தில் படியும் மெழுகுத்தன்மை வெகுவாகக் குறைகிறது. இரண்டு மாவையும் மூடி அரைமணி நேரம் ஓய்வில் விடுவது மிக முக்கியம்; பொறுமையிழந்து உடனே தேய்த்தால் நீர்மாவு சுருங்கிச் சுருங்கித் திரும்பும். இருபது பணியாரம் வரும். 180 பாகையில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வேகவைக்கிறேன்.

வெங்காயமில்லாத பூரணத்துக்கு வருகிறேன். தோல் நீக்கிய பாசிப்பருப்பு 200 கிராமை நான்கு மணி நேரம் ஊறவைத்து, குழைய விடாமல் ஆவியில் அரைமணி நேரம் வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ஷிடாக்கே காளான் நான்கைந்தை ஊறவைத்து, தண்டோடு சேர்த்து மிகப் பொடியாக அரிந்து, 80 மில்லி கடலை எண்ணெயில் பழுப்பு நிறமாகி மொறுமொறுப்பாகும்வரை நிதானமாகப் பொரியுங்கள். வெங்காயம் தரும் ஆழத்தை அந்தக் காளான் தண்டும் அந்த எண்ணெயும் தருகின்றன. அதிலேயே பருப்பைப் போட்டு, சர்க்கரை 80 கிராம், உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, உருட்டினால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிளறி, இறக்கியபின் சில சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். இங்கே சொல்வது சீனக் கடையில் கிடைக்கும் வறுத்த எள்ளின் எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. பினாங்கின் கீ ஹியாங் நிறுவனம் 1856 முதல் தௌ சார் பியாவுக்குப் புகழ்பெற்றது, அதே அளவுக்கு எள்ளெண்ணெய்க்கும் புகழ்பெற்றது. இந்த இரண்டும் சேர்வதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பெருங்காயம் சேர்க்கலாமே என்று தோன்றும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் என்றால் சேர்க்கலாம். அந்தப் பெண் இதே பூரணத்தைப் பௌத்தச் சைவ வாடிக்கையாளர்களுக்கும் விற்க நினைத்தால் அது ஆகாது என்பதால், காளானோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: ஈப்போ அடுப்படி

காளான் தண்டு நல்ல யோசனை. எங்கள் கடையிலும் ஒன்பது பேரரசர் திருவிழா நாள்களில் அதைத்தான் செய்தோம். உலர்த்திய உப்பு முள்ளங்கியைப் பொடியாக அரிந்து சேர்ப்பதும் உண்டு. அப்படிச் சேர்த்தால் பூரணத்தின் உப்பைப் பாதியாகக் குறைக்கவேண்டும்.

இலையுதிர்கால நடுவிழாவும் நெருங்குவதால் நிலாப் பணியாரத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்டோனீஸ் வகையின் மேல்தோலில் இதழ் கிடையாது. மைதா, சர்க்கரைப் பாகு, கடலை எண்ணெய், மாவின் நிறத்துக்காகச் சிறிது காரநீர் (காரத்தன்மையுள்ள உப்புக் கரைசல்), அவ்வளவுதான். பன்றிக்கொழுப்பை நம்பி நிற்காத பணியாரம் என்பதால், உள்ளே வைக்கும் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கருவையும் மேலே பூசும் முட்டையையும் நீக்கி, தாமரை விதைப் பூரணம் எந்த எண்ணெயில் கிளறப்பட்டது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டால், நனிசைவமாக மாற்ற மிக எளிதானது அதுவே. கருவுக்குப் பதிலாக, உப்பிட்ட பாசிப்பருப்பு விழுதில் பரங்கிக்காய் சேர்த்து உருட்டி வைக்கிறார்கள். நிறம் பொருந்தும், எண்ணெய் ஒழுகும் அந்தச் செழுமை பொருந்தாது. கருவே இல்லாமல் வெறும் தாமரை விதையோடு செய்வது எனக்கு அதைவிட மேலாகத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் கடையிலுள்ள தியோச்சியூச் சுருள் வகை வேறு. அது முழுக்க இதழ்தான், கொழுப்பு சரியில்லை என்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.


அங் மோ கியோ வாசகியின் பதில்

காளான் பூரணத்தின் குறிப்பைக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினேன். அவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தன் பாட்டி முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பவர் என்றும், தன் கடைப் பணியாரத்தையே அந்த நாள்களில் தின்ன முடியாமல் இருந்தவர் என்றும் சொன்னார். வரும் சனிக்கிழமைக்கு நாற்பது செய்வதாக ஏற்பாடு: இருபது எங்களுக்கு, இருபது அவர் கடையில் விற்க. வெங்காயமுள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய, இல்லாததன் மேல் சிவப்புப் பொட்டு வைக்கப்போகிறார். அந்தச் சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து எடுக்கும் வகையா என்று என் மகள் கேட்டதால், பீட்ரூட் சாற்றால் வைக்கச் சம்மதித்திருக்கிறார்.

ஒரே ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. காலை எட்டு மணிக்கு வாங்கி, பூசை முடிந்து அம்மா சாப்பிடும்போது பிற்பகல் ஆகிவிடும். மேல்தோல் தளர்ந்துவிடாமல் எப்படி வைப்பது?


மறுமொழி 5
எழுதியவர்: ஜூரோங் மேற்குச் சமையல்

சூடாக இருக்கும்போது டப்பாவில் மூடாதீர்கள். ஆவி வெளியேற முடியாமல் இதழ்களில் இறங்கிவிடும். கம்பித் தட்டில் முழுவதும் ஆறவிட்டு, பிறகு காகிதம் விரித்த தகர டப்பாவில் வையுங்கள். சாப்பிடும் முன் 150 பாகைச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைக்கவேண்டாம், ஷார்ட்டனிங் உருகித் தோல் துணிபோலத் துவண்டுவிடும். பீட்ரூட் பொட்டு சூட்டில் பழுப்பாக மாறும் என்பதால், வெந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள்.